தெரசம்மாளின் பதிமூன்றாவது மாதம்

ஒரு வருடத்துக்குப் பன்னிரண்டு மாதம் என்பதில் தெரசம்மாளுக்கு அறுபத்தொன்பது வயதுவரை சந்தேகமே வந்ததில்லை. அந்தச் சந்தேகத்தை உண்டாக்க ஓர் அலுவலகம் தேவைப்பட்டது. மலாய் நாட்டு மலை ஊரான தானா ராத்தாவில், ஸ்ட்ராபெரி படம் போட்ட தலையணை விற்கும் கடைக்கு மேலே, இரண்டாம் மாடியில், 'அயல்நாட்டு ஓய்வாளர் வதிவிட நலப் பிரிவு' என்று பலகை மாட்டியிருந்தார்கள். நலம் பலகையோடு சரி. உள்ளே நான்கு கவுண்டர்கள், ஒன்றில் மட்டும் ஆள்.

தெரசம்மாள் அயல்நாட்டவள் ஆன கதை சின்னது. பிறந்தது ரிங்லெட்டுக்கு மேலே எட்டாங்கட்டை தேயிலை எஸ்டேட்டில், ஆறாவது லயம் என்ற தொழிலாளர் வீட்டு வரிசையில். பத்தொன்பது வயதில் நர்ஸ் படிக்க இங்கிலாந்து போனாள். பிழைப்பு அங்கேதான் என்றானதும் அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கினாள். இரண்டு நாட்டுக்கும் பிள்ளையாக இருக்கச் சட்டம் விடாது என்பதால், இந்த நாட்டு அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்தாள். புருஷன் போய்ச் சேர்ந்து, மகள் நிக்கோலும் கல்யாணமாகித் தனியே போன பிறகு, ரிங்லெட்டில் இருக்கும் தங்கை நவமணி வீட்டுக்கு வந்துவிட்டாள். வந்தது ஓய்வாளர் விசாவில். மூன்று வருட விசா. அது முடிய இன்னும் ஆறு வாரம் இருந்தது.

நவமணியும் விதவைதான். அக்காவும் தங்கையும் காலைத் தேத்தண்ணிக்குச் சீனி எத்தனை கரண்டி என்பதில் தொடங்கி, ராத்திரி ஜெபத்தை யார் சொல்வது என்பதுவரை சண்டை போடுவார்கள். நாற்பத்தேழு வருடம் பிரிந்து இருந்ததில் அத்தனை வருடச் சண்டையும் பாக்கி நின்றது. மூன்று வருடத்தில் கொஞ்சம் தீர்த்திருந்தார்கள். மிச்சத்தைப் போட்டு முடிக்காமல், லெஸ்டர் நகரத்தில் ஓர் ஒற்றை அறையில் ஹீட்டர் முன்னால் உட்கார்ந்து சாக தெரசம்மாளுக்கு மனமில்லை. அவளுக்கு வேண்டியது அந்த வீடும், அந்தத் தங்கையும், அந்தச் சண்டையும்தான்.

விசா புதுப்பிக்க நிபந்தனை ஒன்றே ஒன்று. மாதாமாதம் வெளிநாட்டிலிருந்து வருமானம் வருகிறது என்று நிரூபிக்க வேண்டும். பாங்கு முத்திரை வைத்த பன்னிரண்டு மாதக் கணக்கைக் கவரில் போட்டு எடுத்துக்கொண்டு, தெரசம்மாள் கவுண்டர் முன்னால் உட்கார்ந்தாள். கண்ணாடிக்குப் பின்னால் அரிஃபின் இருந்தான். அன்று காலையில்தான் கனி பாய் கடையில் பக்கத்து மேசையில் ரொட்டி சானாய் தின்றுகொண்டே, "சுகமா ஆன்ட்டி?" என்று கேட்டவன்.

"உங்க பேரு?" என்றான் அரிஃபின்.

"ஏம்பா, காலையில பக்கத்துல உக்காந்து ரொட்டி தின்னியே, என்னைத் தெரியலையா?"

"அது கடை ஆன்ட்டி. இது கவுண்டர். பேரு சொல்லுங்க."

சொன்னாள். அவன் கணக்குத் தாளைப் பேனா முனையால் மேலிருந்து கீழே எண்ணினான். பிறகு கீழிருந்து மேலே எண்ணினான். இரண்டு தடவையும் ஒரே எண் வந்ததில் அவனுக்குக் கவலை அதிகமானது.

"பதிமூணு தடவ காசு வந்துருக்கே, ஆன்ட்டி. வருஷத்துக்கு எத்தன மாசம்?"

"அங்க பென்ஷன் நாலு வாரத்துக்கு ஒருக்கா போடுவாங்கப்பா. வருஷத்துக்கு அம்பத்திரெண்டு வாரம். வகுத்துப் பாரு, பதிமூணு வரும்லா."

"வகுக்குறதுக்கு எங்களுக்கு அதிகாரம் இல்ல. கூட்டலாம். அதுவும் மேலதிகாரி கையெழுத்துப் போட்டாத்தான்." அவன் ஒரு வரியைச் சுட்டினான். "ஆகஸ்ட்டு ஒண்ணாந்தேதி ஒருக்கா, இருபத்தொம்பதாந்தேதி ஒருக்கா. ஒரு மாசத்துல ரெண்டு சம்பளம்னா ஆன்ட்டி எங்கேயோ வேலை செய்றீங்கன்னு ஆகுது. ஓய்வாளர் வேலை செய்யக் கூடாது."

இந்த இடத்தில் தெரசம்மாள் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் எஸ்டேட்டில் வளர்ந்த வாய் சும்மா இருக்காதே! அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது எஸ்டேட்டில் மாதம் பிறந்ததும் சம்பளம், பாதி மாதத்தில் கணக்கெழுதும் கிராணி கையால் அட்வான்ஸ். ஒரே மாதத்தில் இரண்டு தடவை காசு வந்தால் லயத்துப் பிள்ளைகளுக்கு அட்வான்ஸ் என்ற ஒரே அர்த்தம்தான். இவன் பாட்டனும் எஸ்டேட்டு வாசலில் துணி விற்றவர்தானே, இவனுக்கும் புரியட்டும் என்று நினைத்தாள்.

"எஸ்டேட்டுல அட்வான்ஸ் குடுப்பாங்கள்ல, அது மாதிரின்னு வச்சுக்கயேன்."

அரிஃபினின் முகம் தெளிந்தது. கட்டம் கிடைத்துவிட்ட அதிகாரியின் முகம் அப்படித்தான் தெளியும். 'முன்பணம்' என்று எழுதி, அதன் பக்கத்தில் 'அதாவது கடன்' என்றும் எழுதினான்.

"அப்ப இது வருமானம் இல்ல ஆன்ட்டி, கடன். இந்த ஒண்ணு கடன்னா மத்த பன்னெண்டும் கடன்தானான்னு பாக்கணும். கடன் வாங்கி வாழுறவங்களுக்குப் பதினெட்டாவது பிரிவு. பென்ஷன் ஆபீஸ்லேர்ந்து ஒரு சூராட் வாங்கிட்டு வாங்க. இது கடன் இல்லன்னு எழுதணும். வருஷத்துக்குப் பன்னெண்டு மாசம்தான்னும் எழுதணும்."

கிணறு வெட்டப் போய் பூதம் புறப்பட்டது. நிக்கோல் அங்கிருந்து ஒரு வாரம் போனில் தொங்கி அந்தக் கடிதத்தை வாங்கி அனுப்பினாள். பணம் கடன் அல்ல, ஓய்வூதியமே என்று பென்ஷன் அலுவலகம் மரியாதையாக எழுதியிருந்தது. ஒரு வருடத்துக்கு எத்தனை மாதங்கள் என்ற கேள்வி எங்கள் துறையின் பொறுப்பில் வராது, தயவுசெய்து உரிய துறையை அணுகவும் என்று அதைவிட மரியாதையாக எழுதியிருந்தது. உலகத்தில் எல்லா அலுவலகமும் ஒரே சாதி என்று நவமணி சொன்னாள். அன்றைக்கு மட்டும் அக்கா அவளோடு சண்டைக்குப் போகவில்லை.

கடிதத்தைப் பார்த்த அரிஃபின் வருத்தத்தோடு தலையாட்டினான். அவன் கெட்டவன் இல்லை. உதவி செய்யத்தான் நினைத்தான், அதுதான் ஆபத்து.

"ஒண்ணு செய்ங்க ஆன்ட்டி. இனிமே மாசம் ஒண்ணாந்தேதி, ஒரே தொகையா, ஒரே ஒரு தடவ வர மாதிரி செஞ்சு, மொத மாசத்தைக் காட்டுங்க. பரிசீலிப்போம்."

நிக்கோல் உடனே ஏற்பாடு செய்தாள். அம்மாவின் பென்ஷன் அங்கேயே சேரட்டும், அதிலிருந்து ஒன்றாம் தேதி சரியான தொகையைத் தானே அனுப்புகிறேன் என்றாள். ஒன்றாம் தேதி காலை பணம் வந்து இறங்கியது. ஒரு சென் கூடவில்லை, குறையவில்லை. குறிப்பு எழுத இடம் இருக்கிறதே என்று, அம்மாவுக்கு அன்புடன் என்று எழுதியும் வைத்திருந்தாள். பெற்ற பிள்ளை வேறு என்ன எழுதும்?

அரிஃபின் அந்தக் குறிப்பை நெடுநேரம் பார்த்தான்.

"இது வருமானம் இல்ல ஆன்ட்டி. அன்பு."

"என் பென்ஷன்தான்யா அது! அவ கை வழியா வருது, அவ்வளவுதான்."

"இருக்கலாம். ஆனா பேங்கே எழுதிருக்கு அன்புன்னு. எங்க பொறாங்ல, இந்தப் படிவத்துல, பென்ஷனுக்குக் கட்டம் இருக்கு, வாடகைக்கு இருக்கு, வட்டிக்கு இருக்கு. அன்புக்குக் கட்டம் இல்ல."

"அன்ப எப்படிப்பா வருமானமா மாத்துறது?"

அவன் உண்மையாகவே யோசித்தான். "மக உங்கள வேலைக்கு வச்சு, சம்பளம்னு அனுப்பினா வருமானம் ஆயிரும்." பிறகு அவனே நாக்கைக் கடித்துக்கொண்டான். "ஆனா அப்ப ஆன்ட்டி வேலை செய்றவங்க ஆயிருவீங்களே!"

ஆக, கடனா, அன்பா, கள்ளச் சம்பளமா என்று தெரியாத ஒரு வருமானத்தில் வாழ்கிற தெரசம்மாள் 'சந்தேகத்துக்குரிய ஓய்வாளர்' என்ற வகுப்புக்கு உயர்த்தப்பட்டாள். அந்த வகுப்பினர் தாங்கள் உண்மையிலேயே ஓய்வில் இருப்பதைக் காட்டும் ஆறு புகைப்படங்களைக் கொடுக்க வேண்டும். வெவ்வேறு நாளில், வெவ்வேறு உடையில், பகல் வெளிச்சத்தில்.

நவமணி கைப்பேசியோடு அக்காவின் பின்னால் அலைந்தாள். அலைந்த பிறகுதான் இருவருக்கும் ஓர் உண்மை தெரிந்தது: எஸ்டேட்டில் பிறந்த பெண்ணுக்குக் கையைச் சும்மா வைத்துக்கொள்ளத் தெரியாது. முதல் படத்தில் தெரசம்மாள் நாற்காலியில் சாய்ந்திருந்தாள், மடியில் பீன்ஸ் நார் உரித்துக்கொண்டிருந்தாள். இரண்டாவதில் பக்கத்து வீட்டுப் பாஞ்சாலையின் ரவிக்கைக்குப் பொத்தான் தைத்தாள். மூன்றாவது, மாதா கோயில் திருவிழாச் சமையலுக்கு ஊரோடு உட்கார்ந்து வெங்காயம் உரித்தது. அந்தப் படத்தில் கண்ணீர் வேறு. கடைசியில் அவள் தூங்கும்போது எடுத்தாள் நவமணி. அதிலும் விரலிடுக்கில் பாதி உரித்த பூண்டு இருந்தது.

"ஒரு நிமிஷம் பொணம் மாதிரி கெடக்கா!" என்று நவமணி கத்தினாள்.

"கெடந்தா அப்புறம் விசா எதுக்குடி?" என்றாள் அக்கா.

ஆறு படங்களையும் பார்த்த பிரிவு, விண்ணப்பதாரர் ஆறு தனித்தனித் தொழில்களில் ஈடுபட்டிருப்பதாகக் குறித்துக்கொண்டு, துணை இயக்குநரிடம் நேர்காணலுக்கு அனுப்பியது. விசா முடிய அப்போது எட்டு நாள்.

துணை இயக்குநர் ராதாகிருஷ்ணனின் அறையில் மூன்று கேடயங்கள் இருந்தன. ஒன்று விரைவான சேவைக்கு. அதை வாங்குவதற்கான விண்ணப்பம் நான்கு வருடம் நிலுவையில் இருந்ததாக அவரே பெருமையோடு சொன்னார். மனிதர் மேடைத் தமிழில்தான் பேசுவார். எதிரே ஒரே ஆள் இருந்தாலும் கூட்டத்தைப் பார்க்கிற மாதிரி இடமும் வலமும் பார்ப்பார்.

"அம்மா, இந்தப் பிரிவு தொடங்கிப் பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. இந்தப் பதினோரு ஆண்டுகளில் ஒரு விண்ணப்பத்தையாவது நாங்கள் அவசரப்பட்டு முடித்தோம் என்று யாரும் விரல் நீட்ட முடியாது. சில விண்ணப்பதாரர்கள் காத்திருக்கும்போதே இறைவனடி சேர்ந்திருக்கிறார்கள். அவர்களுடைய கோப்புகளைக்கூட நாங்கள் மூடவில்லை. பெரியவர்கள் மீது அவ்வளவு மரியாதை வைத்திருக்கிறோம்."

"அய்யா, நான் கேக்குறது ஒண்ணுதான். காசு வருதா இல்லையா? அது பேங்குல இருக்கா இல்லையா?"

ராதாகிருஷ்ணன் புன்னகை செய்தார். "பணம் வருவது பெரிதில்லை அம்மா. யாருக்கும் வரும். வருகிறது என்று நிரூபிப்பது பெரிது. அதைவிடப் பெரிது, நிரூபிக்கச் சொல்லி நாங்கள் கேட்பது. நாளைக்கே எல்லாரும் சரியாக நிரூபித்துவிட்டால் இங்கே வேலை பார்க்கும் பதினான்கு குடும்பத் தலைவர்களின் கதி என்ன? யோசிக்க வேண்டும்." அவர் குரல் தழுதழுத்தது. "நானும் எஸ்டேட்டில் பிறந்தவன்தான். கஷ்டம் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். தெரிந்ததனால்தான் அதை எல்லாருக்கும் பாரபட்சமில்லாமல் பகிர்ந்து கொடுக்கிறேன்."

தெரசம்மாளுக்குக் கைதட்ட வேண்டுமோ என்று சந்தேகம் வந்தது. கோப்போடு பின்னால் நின்ற அரிஃபின் தட்டினான்.

பிறகு அவர் கோப்பைப் புரட்டி, அதில் பிறப்புப் பத்திரம் இல்லாததைக் கண்டுபிடித்தார். விண்ணப்பதாரர் பிறந்ததற்கே ஆதாரம் இல்லாதபோது ஓய்வு பெற்றதை எப்படி நம்புவது? அடுத்த நாள் அதையும் கொண்டுபோய்க் கொடுத்தாள். எஸ்டேட் ஆஸ்பத்திரிக் கிளார்க் சாய்த்துச் சாய்த்து எழுதிய பழுப்புத் தாள். அதை வாங்கிக் கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள். ஏற்றியதும் விண்ணப்பம் பூரணமானது. பூரணமானதால் நிராகரிக்கப்பட்டது.

உத்தரவு ஒற்றை வரிதான்: வரும் வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, பிரிவின் வாகனத்தில், அதிகாரி முன்னிலையில் திருப்பி அனுப்பப்படுவார்.

அந்த வாரம் வீட்டில் சண்டை நடக்கவில்லை. அதுதான் தெரசம்மாளுக்குத் தாங்கவில்லை. நவமணி கேட்காமலே தேத்தண்ணியில் அக்காவுக்குப் பிடித்த மாதிரி சீனியை அள்ளிப் போட்டாள். குளிர்க் கோட்டை வெயிலில் காயப்போட்டு மடித்தாள். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தாள். "அங்க போய் வேளா வேளைக்குச் சாப்புடுக்கா" என்று சொல்லிவிட்டுக் கொல்லைப்பக்கம் போய் அழுதாள். இந்த வயதில் இனிப் பார்ப்போமா என்று இருவருமே கேட்கவில்லை. கேட்டால் பதில் தெரியும்.

வியாழக்கிழமை வேன் வந்தது. முன்னால் டிரைவர், பக்கத்தில் கோப்போடு அரிஃபின். தெரசம்மாள் குளிர்க் கோட்டைப் போட்டுக்கொண்டு பின்னால் ஏறினாள். விமான நிலையம்வரை வந்தே தீருவேன் என்று நவமணி தன் பழைய கஞ்சில் கிரேத்தாவில், அந்தக் குட்டிக் காரில், பின்தொடர்ந்தாள்.

ரிங்லெட் முனையில் வேன் விமான நிலையம் போகும் தாப்பா இறக்கத்துக்குத் திரும்பியிருக்க வேண்டும். திரும்பவில்லை. மேலே ஏறியது. கொஞ்ச தூரம் போய் இடது பக்கம் எஸ்டேட் பாதையில் நுழைந்தது. இரண்டு பக்கமும் தேயிலை.

"எங்கப்பா போறோம்? பிளேன் எத்தன மணிக்கு?"

"பிளேனா?" அரிஃபின் கோப்பைத் திறந்தான். "வேன்னுதானே ஆன்ட்டி போட்டுருக்கு. திருப்பி அனுப்பப்படும் இடம்: எட்டாங்கட்டை எஸ்டேட், ஆறாவது லயம், மூணாம் நம்பர் வீடு."

அரிஃபின் தான் படித்ததைத் தானே இன்னொரு தடவை படித்தான். அந்தப் படிவத்தில் ஆளை அவரவர் பிறந்த இடத்துக்கு அனுப்புவது என்றுதான் விதி. பிறப்புப் பத்திரத்தைக் கேட்டு வாங்கியது பிரிவு, ஏற்றியது பிரிவு, கட்டத்தை நிரப்பியது கம்ப்யூட்டர். அவன் வியர்த்துப்போய்த் துணை இயக்குநருக்குப் போன் போட்டான். குரல் வேன் முழுக்கக் கேட்டது.

"துவான், ஒரு சின்னப் பெசகு. அந்த அம்மாவ இங்கேயே கொண்டாந்து விடச் சொல்லுது, துவான்."

"கோப்பில் என்ன இருக்கிறது?"

"இங்கேதான்னு இருக்கு, துவான்."

"கோப்பில் உள்ளதை மாற்றத் தலைமையகத்துக்கு எழுத வேண்டும். எட்டு மாதம் ஆகும். இந்தக் காலாண்டில் நாம் மூன்று பேரைத் திருப்பி அனுப்பியாக வேண்டும். இரண்டுதான் ஆகியிருக்கிறது. நாளையோடு காலாண்டு முடிகிறது. திருப்பி அனுப்புவது நம் கடமை, அரிஃபின். எங்கே அனுப்புகிறோம் என்பது கோப்பின் கடமை. புகைப்படம் எடுக்க மறக்காதீர்கள்."

அரிஃபின் இதையெல்லாம் வேண்டுமென்றே செய்தானா, தெரியாமல் செய்தானா என்பதில் ரிங்லெட்டில் இன்றுவரை இரண்டு கட்சி உண்டு. வேனில் அவன் முகத்தை நேரில் பார்த்த தெரசம்மாள் இரண்டாவது கட்சி.

ஆறாவது லயத்தில் கதவுகளின் நிறம் மாறியிருந்தது, கூரைத் தகரம் புதிது. மூன்றாம் நம்பர் வீட்டில், ராத்திரி வேலை முடித்துக் குளித்துவிட்டு வந்த ஒரு பங்களாதேஷ் தொழிலாளி துண்டோடு நின்றான். அரசாங்க வேனைப் பார்த்ததும் உள்ளே ஓடிப்போய் பெர்மிட்டை எடுத்துவந்து இரண்டு கையாலும் நீட்டினான். ஷஃபிகுல் என்று அதில் பெயர் இருந்தது.

"அது வேணாம்" என்றான் அரிஃபின் மலாயில். "இங்க ஒரு கையெழுத்து."

தாளில் 'ஏற்றுக்கொள்ளும் நாட்டின் சார்பில்' என்று அச்சடித்திருந்த இடத்தில், தாக்காவிலிருந்து வந்து பதினோரு மாதமே ஆன ஷஃபிகுல், எதற்கென்று தெரியாமலே கையெழுத்துப் போட்டான். அரிஃபின் முத்திரை குத்தினான். கதவுக்கு முன்னால் தெரசம்மாளைப் பெட்டியோடு நிறுத்திப் படம் எடுத்தான். அந்தப் படத்தில்தான் முதல் தடவையாக அவள் கை சும்மா இருந்தது.

"முடிஞ்சுது ஆன்ட்டி. இனிமே நீங்க எங்க கணக்குல இல்ல. திருப்பி அனுப்பியாச்சு. ஒருக்கா அனுப்பின ஆள மறுபடி அனுப்புறதுக்கு எங்ககிட்ட பொறாங் கெடையாது." அவன் தலையைச் சொறிந்தான். "கோச்சுக்காதீங்க" என்று சொல்லிவிட்டு வேனில் ஏறினான்.

வேன் புழுதி அடங்குமுன் நவமணியின் கார் முக்கி முனகி வந்து நின்றது. அழுது வீங்கிய முகத்தோடு இறங்கியவள் லயத்தைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள், தாளை வாங்கிப் பார்த்தாள். புரிய ஒரு நிமிடம் பிடித்தது. புரிந்ததும், "ஒரு வாரமா அழுதுருக்கேன்க்கா நானு, அத யாரு திருப்பித் தருவா?" என்று நடுவாசலில் நின்று சத்தம் போட்டாள். தெரசம்மாள் சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானது என்று அவளுக்கே தெரியவில்லை. குளிர்க் கோட்டுக்குள் உடம்பு குலுங்கியது.

ஷஃபிகுல் பயந்துபோய் ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டான். தண்ணீர் கொடுத்தான். பெட்டியையும் கோட்டையும் பார்த்து, இவளும் தன்னைப் போல எங்கிருந்தோ வந்தவள் என்று முடிவு செய்துகொண்டான். வெளிநாட்டிலிருந்து வந்த தொழிலாளிகள் ஒருவரையொருவர் பார்த்தால் முதலில் கேட்டுக்கொள்ளும் கேள்வியை, பரிவோடு, உடைந்த மலாயில் கேட்டான்.

"மக்சிக், சொந்த ஊருக்கு எப்போ திரும்பிப் போறீங்க?"

தெரசம்மாள் மூக்கைச் சிந்தித் துடைத்துக்கொண்டாள்.

"இப்பத்தான் தம்பி, கொண்டாந்து விட்டுட்டுப் போறாங்க" என்றாள்.